எல்லைப்புறத் தமிழ் மாணவரும் கல்வி வழிகாட்டலும்: பாலக்காடு, இடுக்கிப் பகுதிகளை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

கல்லூரிக் கல்வியின் வரலாற்றை எழுதியோர் பயிற்றுமொழி, பாடத்திட்டம், தேர்வு, ஆசிரியர் நியமனம் ஆகியவற்றை விரிவாகவே பேசியுள்ளனர். இவற்றுக்கெல்லாம் முன்னதாக நிகழும் ஒன்று அவர்தம் கவனத்தை அவ்வளவாகப் பெறவில்லை. எந்தக் கல்லூரியில், எந்தப் பாடத்தை, எந்த மொழியோடு சேர்த்துப் படிப்பது என்று ஒரு மாணவர் முடிவு செய்யும் வேளையில் அருகிருந்து எடுத்துரைப்பவர் யார் என்பதே அது. சேர்ந்த பின்னரும் இடறும்போதெல்லாம் வழிசொல்ல ஒருவர் வேண்டியிருக்கிறது. இவ்விரு பணிகளையும் சேர்த்தே இக்கட்டுரை கல்வி வழிகாட்டல் என்று குறிக்கின்றது.

தமிழ்நாட்டின் உட்பகுதியில் வாழும் மாணவரைவிடக் கேரள எல்லைப்புறத்தில் வாழும் தமிழ் மாணவருக்கு இத்தேவை மிகுதி. பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலோ, இடுக்கி மாவட்டத்து மூணாற்றிலோ தமிழ்வழியில் பள்ளிக்கல்வியை முடித்தவர் முதலில் மாநிலத்தைத் தெரிவு செய்ய வேண்டும். அடுத்து இரண்டாம் மொழியை. அதன் பின்னரே பாடத்தை. முதல் தெரிவில் பிழை நேர்ந்தால் உதவித்தொகை போகலாம். இரண்டாவதில் நேர்ந்தால் வேலைவாய்ப்பு சுருங்கலாம். இம்முடிவுகளுக்கு நெடுங்காலம் துணைநின்றவர், எந்தப் பல்கலைக்கழக விதியிலும் அப்பணிக்கென்று குறிப்பிடப்படாத இரண்டாம் மொழித் தமிழாசிரியரே என்பதும், அவ்வமைப்பு இன்று குலையும் நிலையில் உள்ளது என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

தெரிவும் வழிகாட்டலும்

ஆசிரியர், மாணாக்கர் இருவரின் இலக்கணத்தையும் வகுத்துரைக்கும் மரபு தமிழில் தொன்மையானது. 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த பவணந்தி முனிவரின் நன்னூல், பொதுப்பாயிரத்தில் பாடம் சொல்லும் முறையையும் பாடம் கேட்கும் முறையையும் கூறுகின்றது. மாணாக்கரை முதல், இடை, கடை எனப் பிரித்து, அன்னத்தோடும் கிளியோடும் ஓட்டைக் குடத்தோடும் பன்னாடையோடும் ஒப்பிடுகின்றது. கேட்போனின் கொள்திறனை அறிந்து சொல்லவேண்டும் என்ற தெளிவு அங்கே உண்டு. ஆனால் எதனைக் கற்பது என்ற வினாவுக்கு அங்கே இடமில்லை. கற்க வேண்டிய நூல்களின் வரிசை முன்னரே முடிவாகியிருந்த காலம் அது. தெரிவு இல்லாத இடத்தில் தெரிவுக்குத் துணை தேவைப்படவில்லை.

மேலைநாட்டு வரலாறும் இதனையே காட்டுகின்றது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளின் ட்யூட்டர் மாணவரின் படிப்பையும் ஒழுக்கத்தையும் ஒருசேரக் கவனித்தவர். பாடத் தெரிவு அவரது தலையாய பணியன்று. 1869இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவரான சார்லஸ் எலியட் விருப்பப்பாட முறையைப் பரவலாக்கிய பின்னரே, பாடங்களைத் தெரிந்தெடுக்க மாணவருக்கு ஆலோசகர் வேண்டும் என்ற எண்ணம் அமெரிக்கக் கல்லூரிகளில் வலுப்பெற்றது. பாடங்கள் பெருகப் பெருக ஆலோசகரின் தேவையும் பெருகிற்று.

இந்தியாவில் இச்சிந்தனை ஆணைய அறிக்கைகள் வழியாகவே நுழைந்தது. 1917–19 ஆண்டுகளில் பணியாற்றிய சாட்லர் ஆணையம் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இடையே நெருங்கிய தொடர்பு வேண்டும் என்றது. 1964–66இன் கோத்தாரி ஆணையம் ஒருபடி மேலே சென்று, மாணவர் ஒவ்வொருவரையும் ஓர் ஆலோசக ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும், ஆயிரம் மாணவருக்கு ஒருவரேனும் உளநல ஆலோசகர் இருத்தல் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பரிந்துரைகள் அறிக்கையிலேயே பெரும்பாலும் தங்கின. ஆய்வுப் பட்ட நிலையில் வழிகாட்டுவோர்க்கு நெறியாளர் என்ற நிலைத்த பெயர் தமிழில் உண்டு. இளங்கலை மாணவருக்கு வழிகாட்டுவோருக்கு அத்தகைய பெயர் இன்னும் அமையவில்லை. கல்லூரிகளில் ட்யூட்டர், மென்டர் என்றே வழங்குகின்றனர். பெயரின்மையும் ஒரு வரலாற்றுச் சான்றுதான்.

மூன்று ஆட்சிகளின் எல்லை

இன்று பாலக்காடு, இடுக்கி என வழங்கும் பகுதிகள் விடுதலைக்கு முன் மூன்று ஆட்சிகளின் கீழ் இருந்தன. பாலக்காட்டு நகரம் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சார்ந்தது. அதனையடுத்த சித்தூர் வட்டம் கொச்சி அரசுக்கு உரியது. ஆந்திரச் சித்தூரினின்று பிரித்தறியப் பாலக்காட்டுச் சித்தூர் என்று சொல்வது வழக்கம். தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரைச் சார்ந்தவை. தேவிகுளம், பீர்மேடு உள்ளிட்ட தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு இணைக்கவேண்டும் என்று மார்ஷல் நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு போராடியதும், 1955இல் ஃபசல் அலி ஆணையம் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைக் கேரளத்துக்கே பரிந்துரைத்ததும் பலரும் அறிந்தவை. 1956 நவம்பர் 1 முதல் இம்மூன்று பகுதிகளும் ஒரே மாநிலத்துள் அடங்கின. தனி மாவட்டமாக இடுக்கி அமைந்தது 1972 சனவரி 26இல் ஆகும்.

மாநிலச் சீரமைப்பின்போது மொழிச் சிறுபான்மையோருக்கு உறுதிமொழிகள் தரப்பட்டன. 1956இன் ஏழாம் திருத்தத்தால் அரசமைப்புச் சட்டத்தில் சேர்ந்த 350ஏ பிரிவு, சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் கல்வி தர மாநிலங்கள் முயலவேண்டும் என்கிறது. ஆயினும் அப்பிரிவு தொடக்கக் கல்வியோடு நின்றுவிடுகின்றது. கேரள அரசின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழர் அரசோடு தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள வழிசெய்தது. கல்லூரி வகுப்பறை அதன் எல்லைக்குள் வருவதன்று. கேரளத்தின் தமிழ்வழிப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புவரை தமிழில் பயின்ற மாணவர், கல்லூரிப் படியேறும்போது சட்டப் பாதுகாப்பு அனைத்தையும் பின்னால் விட்டுவிட்டே ஏறுகிறார். பாடநூல் ஆங்கிலத்திலும் விளக்கம் மலையாளத்திலும் அமையும் வகுப்பறையில் அவருக்கு முதல் ஆண்டு முழுவதும் ஒரு மொழிபெயர்ப்புப் போராட்டமாகவே கழிவதுண்டு.

பாலக்காடு: உறவினர் வலையும் ஊர் வலையும்

1866இல் பள்ளியாகத் தொடங்கி 1888இல் இரண்டாம் நிலைக் கல்லூரியாக உயர்ந்த பாலக்காடு விக்டோரியா கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து வளர்ந்தது. அப்பல்கலைக்கழகத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் மலையாளமும் வடமொழியும் ஒருசேர இருந்தன. மொழித் தெரிவு அன்றே மாணவர் முன் வைக்கப்பட்ட ஒரு வினா. நாட்டுமொழிகளை நீக்கி வடமொழிக்கு இடந்தர 1902ஆம் ஆண்டளவில் பல்கலைக்கழகம் முனைந்ததையும், பரிதிமாற்கலைஞரும் மு. சி. பூரணலிங்கம் பிள்ளையும் அதனை எதிர்த்து நின்றதையும் தமிழுலகம் அறியும்.

பாலக்காட்டு அக்கிரகாரங்களின் தமிழ்க் குடும்பத்து மாணவருக்கு வழிகாட்டியவர் பெரும்பாலும் கல்லூரியார் அல்லர் என்று கருத இடமுண்டு. ஒரு தலைமுறை முன்னரே சென்னைக்கும் பம்பாய்க்கும் தில்லிக்கும் சென்று வேலையில் அமர்ந்த உறவினரே அவர்களுக்கு ஆலோசகராயினர். விக்டோரியா கல்லூரியில் பயின்ற டி. என். சேஷன் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்கும், அதே கல்லூரியில் பயின்ற இ. ஸ்ரீதரன் காக்கிநாடாப் பொறியியல் கல்லூரிக்கும் சென்றனர். ஒருவர் தலைமைத் தேர்தல் ஆணையராகவும் மற்றவர் இரயில்வேப் பொறியாளராகவும் உயர்ந்தனர். ஊரைவிட்டு எங்கே செல்வது, எதற்காகச் செல்வது என்பன முன்னரே தெரிந்திருந்த சமூகத்தில் கல்லூரியின் வழிகாட்டல் இல்லாமையை எவரும் குறையாக உணரவில்லை.

நகரத்துக்குக் கிழக்கே நிலைமை வேறு. வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை, முதலமடை ஆகிய ஊர்களின் உழவர், கூலித் தொழிலாளர் குடும்பங்களில் கல்லூரி வாசலை மிதித்த முதல் தலைமுறைக்கு அத்தகைய உறவினர் வலை இல்லை. கோயமுத்தூர்ச் சந்தையையும் பொள்ளாச்சிச் சந்தையையும் அறிந்திருந்த அவர்கள் அங்குள்ள கல்லூரிகளைப் பற்றியும் ஊரார் வாய்மொழியால் மட்டுமே அறிந்தனர். ஊரில் ஒருவர் பொள்ளாச்சியில் வணிகவியல் படித்தால் அடுத்த ஐந்து பேரும் அதனையே படிப்பர். இதனையும் ஒருவகை வழிகாட்டல் எனலாம். ஆனால் அது மாணவரின் திறம் நோக்கி அமைந்ததன்று.

இச்சூழலில் 1947இல் சோகநாசினி ஆற்றங்கரையில் கொச்சி அரசு நிறுவிய சித்தூர் அரசுக் கல்லூரி தனிக்கவனம் பெறவேண்டியது. கொச்சி நாட்டுக் கல்லூரிகள் அன்று சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. பின்னர் கேரளப் பல்கலைக்கழகத்தின் ஆளுகை வந்தது. 1968இல் கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் கீழ் வந்தது. ஒரே கல்லூரி, ஒரே ஆற்றங்கரை, பல்கலைக்கழகங்கள் மட்டும் மாறிக்கொண்டேயிருந்தன. தமிழில் இளங்கலையும் முதுகலையும் இங்கே பயிலமுடிந்தமையால், எல்லைப்புறத் தமிழ்ப்பள்ளிகளுக்கான ஆசிரியரை உருவாக்கும் இடமாகவும் இக்கல்லூரி விளங்கிற்று. தமிழ் பயின்றவர் பள்ளியாசிரியராகித் தம் மாணவரை மீண்டும் அக்கல்லூரிக்கே அனுப்பினர். பள்ளிக்கும் கல்லூரித் தமிழ்த் துறைக்கும் இடையே அமைந்த இச்சுழற்சியை எல்லைப்புறத்தின் முதல் வழிகாட்டல் அமைப்பு என்றே கொள்ளலாம்.

இடுக்கி: வேலையோடு கட்டிய வீடு

1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்ற பின்னர், தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் கங்காணிகள் வழியே கொண்டுவரப்பட்டனர். அவர்தம் பிள்ளைகளுக்காக எழுந்த தோட்டப் பள்ளிகளில் தமிழே பயிற்றுமொழியாயிற்று. கல்லூரியோ நெடுங்காலம் வரவில்லை. தொடுபுழையில் 1964இல் தோன்றிய நியூமன் கல்லூரி போன்றவை மலையாளக் குடியேற்ற மக்கள் வாழும் தாழ்நிலப் பகுதிகளில் அமைந்தன. 1990களில் மூணாற்றில் அரசுக் கல்லூரி தொடங்கும்வரை, தோட்டத்து மாணவருக்குப் போடிமெட்டு இறங்கிப் போடி, தேனி, மதுரை செல்வதே இயல்பான வழியாயிருந்தது. மொழி ஒன்று, உறவினர் அங்கே, பேருந்தும் உண்டு என்ற மூன்று காரணங்களே அம்முடிவுக்குப் போதியனவாயின. 2018 ஆகஸ்டு நிலச்சரிவில் மூணாற்றுக் கல்லூரிக் கட்டடமும் அழிவுக்கு உள்ளாகி வகுப்புகள் வேறிடங்களுக்கு மாற்றப்பட்டன.

மலையில் படிப்பைப் பற்றிய முடிவு படிப்பைப் பற்றியது மட்டுமன்று. தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்து வீடு வேலையோடு கட்டப்பட்டது. பெற்றோர் ஓய்வு பெறும்போது குடும்பத்தில் வேறொருவர் தோட்ட வேலையில் இல்லையெனில் வீட்டைக் காலிசெய்ய வேண்டும். ஆகவே மூத்த மகளோ மகனோ கல்லூரி செல்வது என்று முடிவெடுத்தல், குடும்பம் எங்கே வாழும் என்று முடிவெடுத்தலும் ஆகின்றது. 2015 செப்டம்பரில் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர் போராடியபோது அவர்தம் நாட்கூலி 232 ரூபாய்; பின்னர் 301 ரூபாயாக உயர்ந்தது. அக்கூலியில் ஒரு பிள்ளையை மதுரையில் விடுதியில் வைத்துப் படிக்கச் செய்யும் தாயிடம், பருவத் தேர்வில் தோற்ற பாடத்தை அடுத்த ஆண்டு எழுதிக்கொள்ளலாம் என்று சொல்வது எளிதன்று. ஓராண்டுத் தாமதம் என்பது ஒரு வீட்டின் விலையாகவும் இருக்கக்கூடும். இதனை அறியாத ஆலோசகர் எவ்வளவு கற்றவராயினும் இம்மாணவருக்குப் பயன்படார்.

சான்றிதழ் என்னும் சிக்கல்

வழிகாட்டலின் இன்றியமையாமை மிகக் கூர்மையாக வெளிப்படும் இடம் சாதிச் சான்றிதழ். தாழ்த்தப்பட்டோர் பட்டியலை வகுத்த குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்டு 10இல் வெளியானது. பட்டியல் மாநிலந்தோறும் தனித்தனி. அந்நாளுக்குப் பின் வேறு மாநிலத்தில் குடியேறியவர் குடியேறிய மாநிலத்தின் சலுகையைக் கோர இயலாது என்பது நிலைபெற்ற விதி. 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்சநீதிமன்றம் இதனை உறுதிசெய்தது. அவ்வழக்கே ஒரு மாணவர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தது பற்றியதாகும். தந்தைவழிப் பூர்வீக மாநிலத்தின் பெயரில் சான்றிதழ் பெறலாம். ஆனால் அதனைக் கொண்டு கேரளத்தில் இடஒதுக்கீடோ, இ-கிராண்ட்ஸ் உதவித்தொகையோ பெறமுடியாது. தமிழ்நாட்டுக்குச் சென்றாலோ அங்கே பிறப்பிடச் சான்று கேட்கப்படுகின்றது. பாட்டனார் 1948இல் மலையேறினாரா 1952இல் ஏறினாரா என்பது பேரப்பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தை நிர்ணயிக்கின்றது.

தேவிகுளம் சட்டமன்றத் தொகுதி தேர்தல் வழக்கில் 2023இல் கேரள உயர்நீதிமன்றம் ஒருவகையாகவும் 2025 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் வேறுவகையாகவும் தீர்ப்பளித்தமை, குடும்பத்தின் 1950ஆம் ஆண்டு இருப்பிடம் என்பது இன்றும் உயிருள்ள சட்டச் சிக்கல் என்பதைக் காட்டுகின்றது. சட்டமன்ற உறுப்பினருக்கு வழக்குரைஞர் உண்டு. முதலாண்டு மாணவருக்குப் பாட்டனாரின் பழைய பணிப்பதிவைத் தேடிப் பார் என்று சொல்வதற்கு ஒருவர் வேண்டும். அதுவும் விண்ணப்பத்தின் இறுதி நாளுக்கு முன்னரே சொல்லவேண்டும்.

இதனோடு பட்டங்களின் சமநிலைச் சிக்கலும் சேர்கின்றது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகப் பட்டத்தோடு கேரளத்துக்குத் திரும்புவோர் சமநிலைச் சான்று பெறுவதற்கு நெடுங்காலம் அலைய வேண்டியிருந்தது. கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர்க்கும், தமிழும் மலையாளமும் அறிந்த எழுத்தர்க்கும் தனி அறிவிக்கைகள் வெளியிடுவது வழக்கம். அப்பணிகளை எண்ணுவோர் மலையாளத்தை அறவே ஒதுக்குதல் இழப்பு. தமிழை ஒதுக்குதலும் இழப்பு. இத்தகவலை முதல் பருவத்திலேயே அறிந்த மாணவருக்கும் பட்டம் பெற்றபின் அறிந்த மாணவருக்கும் இடையே உள்ள வேறுபாடு சில ஆண்டுகள் அளவினது.

இரண்டாம் மொழி வகுப்பின் இடம்

இவற்றையெல்லாம் எடுத்துரைத்தவர் யார் என்ற வினாவுக்குக் கல்லூரியின் கால அட்டவணையே விடை தருகின்றது. எல்லைப்புறக் கல்லூரியில் இயற்பியல், வணிகவியல், வரலாறு, பொருளியல் எனப் பல துறைகளில் தமிழ் மாணவர் சிதறிக் கிடப்பர். ஒரு துறையில் இருவர், மற்றொன்றில் ஒருவர். துறையாசிரியரின் கண்ணுக்கு அவர்கள் ஆங்கிலத்தில் பின்தங்கியவர்களாகவே தோன்றுவர். அவர்கள் அனைவரும் ஒன்றாக அமரும் ஒரே இடம் இரண்டாம் மொழித் தமிழ் வகுப்பு. வாரத்துக்கு நான்கைந்து மணி நேரம், இரண்டு ஆண்டுகள். தேர்வுக் கட்டணம் கட்டும் நாள், விடுதி, உதவித்தொகைப் படிவம், வீட்டில் நேர்ந்த இறப்பு ஆகிய எல்லாம் அங்கேதான் தாய்மொழியில் பேசப்பட்டன. மாகாணக் கல்லூரிகளில் தமிழ்ப் பண்டிதரின் ஊதியம் ஏனைய பேராசிரியரின் ஊதியத்தைவிட மிகக் குறைவாயிருந்தது என்பது வரலாறு. அந்நிலை மாறிய பின்னரும் இரண்டாம் மொழி ஆசிரியருக்குக் கல்லூரிக் குழுக்களில் பெரிய இடம் இருந்ததில்லை. எனினும் வழிகாட்டுபவர் அவரே.

பிரீ-டிகிரி முறை இதற்கு உறுதுணையாயிற்று. கேரளத்தில் 1964 முதல் நடைபெற்ற இரண்டாண்டு பிரீ-டிகிரி வகுப்பு கல்லூரிக்குள்ளேயே இருந்தது. பதினைந்து, பதினாறு வயதில் கல்லூரி வந்த மாணவர், பட்டப்படிப்பைத் தெரிவு செய்வதற்கு முன்னர் இரண்டு ஆண்டுகள் தமிழ் விரிவுரையாளரிடம் பயின்றார். எனவே தெரிவு நிகழ்ந்த இடமும் வழிகாட்டுபவர் இருந்த இடமும் ஒன்றாக இருந்தன. 2000–01இல் பிரீ-டிகிரி கல்லூரிகளிலிருந்து முற்றாகப் பிரிந்து மேல்நிலைப் பள்ளிக்குச் சென்றது. அது பல நன்மைகளைத் தந்த மாற்றம். மலைப்பகுதிகளில் மேல்நிலைக் கல்வி பரவியது அதனாலேயே. எனினும் பட்டப்படிப்புத் தெரிவு கல்லூரிக்கு வெளியே நகர்ந்தது. பின்னர் பல்கலைக்கழகங்கள் இணையவழி ஒற்றைச் சாளரச் சேர்க்கைக்கு மாறியபோது, விருப்ப வரிசையை நிரப்பும் இடம் அட்சயா மையமாயிற்று. விரலால் தட்டச்சு செய்பவர் கேட்கும் ‘அடுத்த கோர்ஸ் எது?’ என்ற வினாவுக்கு, பின்னால் நிற்கும் வரிசையின் அவசரத்தில் மாணவர் சொல்லும் விடை மூன்றாண்டுகளை முடிவு செய்துவிடுகின்றது. மையத்தாரைக் குறைசொல்வதற்கில்லை. அவரது பணி படிவத்தை நிரப்புவது.

முறைப்படுத்தலும் இழப்பும்

2007இல் அமைந்த கேரள உயர்கல்வி மன்றத்தின் முயற்சியால் 2009–10இல் இளங்கலையில் பருவமுறையும் கிரெடிட் முறையும் பரவின. 2012–13 அளவில் உயர்கல்வித் துறை இரு திட்டங்களைக் கொணர்ந்தது. சிறந்த மாணவரை அறிஞரோடு இணைக்கும் ‘வாக் வித் எ ஸ்காலர்’ ஒன்று; பின்தங்கியோருக்குக் கூடுதல் பயிற்சி தரும் ‘ஸ்காலர் சப்போர்ட்’ மற்றொன்று. அரசு தன் செலவில் இளங்கலை மாணவருக்கு வழிகாட்டலை ஏற்பாடு செய்தது பாராட்டத்தக்கது. ஆயின் முதல் திட்டம் மதிப்பெண்ணால் முன்நிற்போரைத் தெரிந்தெடுத்தது. இரண்டாவது பாடத்தில் தோற்போரைத் தெரிந்தெடுத்தது. தமிழ்வழியில் பயின்று, அறிவில் குறைவின்றி, மொழியால் தடுமாறி நடுவில் நிற்பவர் இரண்டிலும் எளிதில் அகப்படுவதில்லை. நன்னூலின் முப்பகுப்பு இங்கே நினைவுக்கு வருகின்றது. முதலும் கடையும் கவனம் பெற்றன, இடை நழுவிற்று.

2024 சூலை 1இல் கேரளம் முழுவதும் நான்காண்டு இளங்கலைத் திட்டம் தொடங்கியது. 133 கிரெடிட் பெற்று மூன்றாண்டில் பட்டத்தோடு வெளியேறலாம். 177 பெற்று நான்காண்டில் சிறப்புப் பட்டம் அடையலாம். முதன்மைப் பாடம், துணைப்பாடம், பலதுறைப் பாடம், திறன் வளர்ப்பு, விழுமியம் எனத் தெரிவுகள் பெருகின. தெரிவு பெருகியபோது ஆலோசகரும் விதிக்குள் வந்தார். துறைதோறும் ஆசிரிய ஆலோசகரை அமர்த்துவது இப்பொழுது முறையான ஏற்பாடு. எலியட் காலத்து அமெரிக்காவில் நிகழ்ந்தது நூற்றைம்பது ஆண்டுகள் கழித்துச் சித்தூரிலும் மூணாற்றிலும் நிகழ்கின்றது.

இங்கே ஒரு முரண் உள்ளது. கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகத்தின் முந்தைய மூன்றாண்டு முறையில் கலை, அறிவியல் மாணவருக்கு இரண்டாம் மொழி நான்கு பருவங்களில் 16 கிரெடிட் பெற்றிருந்தது. புதிய திட்டத்தில் அதன் இடம் வெகுவாகச் சுருங்கியது. மொழியாசிரியர்கள் இதனைப் பணியிட இழப்பாகவே பெரிதும் பேசினர்; அது நியாயமான கவலையே. எல்லைப்புறத்தைப் பொறுத்தவரை இழப்பு அதனினும் பெரிது. வழிகாட்டல் துறைவாரியாக முறைப்பட்ட அதே வேளையில், துறைகளைக் கடந்து தமிழ் மாணவரை ஒன்றுசேர்த்த வகுப்பு குறுகியது. விதிப்படியான ஆலோசகர் இயற்பியல் துறையில் இருக்கிறார். அவருக்கு இயற்பியல் பாடங்களின் சேர்க்கை தெரியும். 1950ஆம் ஆண்டின் ஆணை, தமிழ்வழி ஆசிரியப் பணிக்கான தகுதி, லயத்து வீட்டின் நிபந்தனை ஆகியவை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நேர்மையாகாது. அவற்றை அறிந்தவர் அடுத்த அறையில் உள்ளார். அவரிடம் மாணவரை அனுப்புவதற்கான வழிதான் விதியில் இல்லை.

இதனைச் சரிசெய்யப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. சித்தூர், பாலக்காடு, மூணாறு போன்ற இடங்களின் கல்லூரிகளில் தமிழ்வழியில் பயின்று வரும் மாணவர் ஒவ்வொருவருக்கும் துறை ஆலோசகரோடு தமிழாசிரியர் ஒருவரையும் இணை ஆலோசகராகப் பதிவு செய்யலாம். அப்பணிக்குரிய நேரத்தை அவரது பணிச்சுமையில் கணக்கிடலாம். கணக்கிடாவிடில் அது பழையபடி அவரது நற்குணத்தை மட்டுமே நம்பியதாகிவிடும். கொழிஞ்சாம்பாறை, முதலமடை, மறையூர், வட்டவடை, வண்டிப்பெரியாறு ஆகிய இடங்களின் மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் மே மாதத்துக்கு முன் தமிழ்த் துறையினர் சென்றுவரலாம். கையேடு ஒன்று தமிழில் வேண்டும். அதில் கிரெடிட் முறையின் விளக்கம் பின்பகுதியில் வரட்டும். முதல் பக்கத்தில் எந்தச் சான்றிதழை எந்த அலுவலகத்தில் பெறுவது என்பது இருக்கவேண்டும். இரண்டாம் பக்கத்தில், எல்லைக்கு இப்புறம் சேர்ந்தால் கிடைப்பவையும் அப்புறம் சேர்ந்தால் கிடைப்பவையும் எதிரெதிரே அமைந்த ஒரு பட்டியல்.